பாலைவன ரோஜா நாற்றுகள்: வேரழுகலுக்கு இடம் கொடுக்காமல் வளர்ப்பது எப்படி?

பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்தின் விதையை முளைக்க வைப்பதில் பெரிய சிரமம் இல்லை. விதை புதிதாக இருந்தால் நான்காம் நாளே மண்ணை முட்டிக்கொண்டு முளை வந்துவிடும். முளைத்ததை ஒரு மழைக்காலம் உயிரோடு கடத்துவதுதான் வேலை.

நான் முதன்முறை 60 விதைகள் போட்டேன். 52 முளைத்தன. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். ஒன்பதாம் நாள் காலையில் தட்டின் ஒரு மூலையில் மூன்று நாற்றுகள் படுத்துக் கிடந்தன. வெயில் தாங்காமல் வாடிவிட்டன என்று நினைத்து, கூடுதலாக ஒரு முறை தண்ணீர் தெளித்தேன். மறுநாள் 14 சாய்ந்திருந்தன. அதற்கடுத்த நாள் தட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. சாய்ந்த ஒன்றை மெல்ல இழுத்தேன். வேரின் மேல்தோல் மண்ணிலேயே தங்கிவிட, உள்ளே இருந்த வெள்ளை நூல் மட்டும் கையோடு வந்தது. இரண்டு வாரத்தில் மிஞ்சியவை ஏழே ஏழு.

"என்ன மருந்து ஊற்றலாம்?" என்றுதான் அன்றைக்கு நானும் கேட்டுக்கொண்டு அலைந்தேன். புதிதாக வளர்ப்பவர்கள் இன்று என்னிடம் முதலில் கேட்பதும் அதுவே. மருந்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அது கடைசியில்தான் வருகிறது. அந்த 52 நாற்றுகளின் கதை, விதைத்த அன்றைக்கே, நான் மண் கலந்த விதத்தில் முடிந்துபோயிருந்தது.

பாலைவனத்துச் செடி ஏன் அழுகுகிறது?

அடினியத்தின் தாய்நிலம் செனகலில் தொடங்கி சூடான், எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா என்று நீண்டு, செங்கடலைத் தாண்டி ஏமன், ஓமன் வரை போகிறது. பாறை இடுக்குகளிலும் மணற்சரிவுகளிலும் வளரும் புதர் அது. அங்கே மழை பெய்தாலும் தண்ணீர் வேரைச் சுற்றித் தேங்கி நிற்பதில்லை. வழிந்து ஓடிவிடும், பின்னாலேயே காற்று உள்ளே வந்துவிடும். மண்ணில் பூஞ்சை இல்லாத ஊர் எதுவும் இல்லை, அங்கேயும் உண்டு. மூச்சு முட்டிக் கிடக்கும் வேர்தான் அங்கே அதற்குக் கிடைப்பதில்லை.

நம் தட்டில் கிடைக்கிறது. நீர் நிறைந்த மண்ணில் பிராணவாயு குறைகிறது, வேர் நுனி செத்துப் போகிறது, செத்த திசுவிலிருந்து சர்க்கரை கசிகிறது. அந்த வாசனைக்கு வருகிறவர்கள் நான்கு பேர். யார் வந்திருக்கிறார் என்று தெரியாமல் மருந்து வாங்குவது காசுக்குக் கேடு என்பதால், அவர்களைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

முதலாவது பித்தியம். நாற்று முளைத்த முதல் மூன்று வாரங்களில் சாய்ந்தால் பெரும்பாலும் இதன் வேலைதான். அடித்தண்டு வெந்ததுபோல நீர்கோத்துக் குழையும். வேர்த்தோல் காலுறைபோல உருவிக்கொண்டு வரும். வேளாண் துறையில் இதை நாற்றழுகல் என்பார்கள். ஒரு சங்கதி: பித்தியமும் அதன் உறவான பைட்டோப்தோராவும் உண்மையான பூஞ்சைகள் அல்ல. உயிரியல் வகைப்பாட்டில் அவை கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம். அவை பரவுவதற்கு விடும் நுண்ணிய வித்துகளுக்கு வால் போன்ற இழைகள் உண்டு. தண்ணீரில் நீந்தி அடுத்த வேரைத் தேடிப் போகும். தட்டில் வழுக்கை வட்டமாகப் பரவுவது இதனால்தான். இந்த உறவுமுறையை நினைவில் வைத்திருங்கள், மருந்துக் கடையில் உதவும்.

இரண்டாவது ரைசோக்டோனியா. இது தண்ணீரில் நீந்தாது, இழைவிட்டுப் படரும். மண்ணும் தண்டும் சேரும் இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு காய்ந்த வடு விழும். அந்த இடம் மட்டும் கம்பிபோல இளைத்துவிடும். மேலே இலை இரண்டு நாள் பச்சையாகவே இருந்து ஏமாற்றும்.

மூன்றாவது பியூசேரியம். இதற்கு அவசரம் கிடையாது. மூன்று நான்கு மாதச் செடியில், அடியிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிரும். அடிக்கிழங்கை, அதாவது தண்டின் பருத்த அடிப்பகுதியை, குறுக்கே வெட்டினால் வெள்ளைத் திசுவுக்குள் பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரியும்.

நான்காவதை அடையாளம் காண்பது எளிது: ஸ்கிளிரோஷியம். தண்டின் அடியைச் சுற்றி வெள்ளை நூல் விரித்தாற்போல இருக்கும். அதில் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள். நிலக்கடலை பயிரிடும் வீட்டில் பிறந்தவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அந்த உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே அந்த மண்ணை மறுபடி பயன்படுத்துவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும்.

முதல் படி: மண் கலவை

ஒரு சின்னச் சோதனை. பாத்திரம் துலக்கும் புதிய ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துப் படுக்கைவாட்டில் உள்ளங்கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். நின்ற பிறகு, பிழியாமல், அப்படியே செங்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடியும் சொட்டும்!

நாற்றுத் தட்டில் நடப்பதும் இதுவே. எந்தக் கலவையானாலும், வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு படலம் நீர் நிறைந்தே நிற்கும். அந்தப் படலத்தின் உயரம் கலவையின் துகள் அளவைப் பொறுத்தது. தொட்டியின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படலம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சென்டிமீட்டர் தொட்டியில் அது கால் பங்கு, 5 சென்டிமீட்டர் தட்டில் பாதிக்கு மேல். ஆழமில்லாத தட்டில் விதைத்தால் சீக்கிரம் காயும் என்று நம்பி நான் விதைத்தது அப்படிப்பட்ட தட்டில்தான்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், அது முழுக்க நிறையும் வரை கீழே இருக்கும் பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. ஆகவே படலம் ஜல்லியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஜல்லியை அடியில் பரப்பாமல், பொடித்து மண்ணோடு கலந்தால்தான் பயன்.

நான் விதைத் தட்டுக்குப் பயன்படுத்தும் கலவை: தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, சலித்துக் கழுவிய பருமணல் ஒரு பங்கு. தட்டு 8 சென்டிமீட்டராவது ஆழம் இருக்கட்டும். பெர்லைட் கிடைக்காவிட்டால் பழைய செங்கல்லை உடைத்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் துகள்களை மட்டும் சலித்து எடுக்கலாம். உமிக்கரியும் நல்லதுதான், கறுப்பாக, உமியின் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாகிவிட்டது வேண்டாம்.

ஆற்று மணலுக்குப் பதில் எம்.சாண்ட் போடுகிறவர்கள் அதிலுள்ள கல்தூளை விரட்டாமல் போடக் கூடாது. வாளியில் போட்டு, கலங்கல் போகும் வரை ஐந்தாறு முறை கழுவுங்கள். அந்தத் தூள் இடைவெளிகளை அடைத்துச் சிமென்ட்போல ஆக்கிவிடும். நார்க்கழிவுக் கட்டியையும் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தெடுத்தால் உப்பு போகும். தொழு உரம், மண்புழு உரம் எதுவும் விதைத் தட்டில் வேண்டாம். விதையிலேயே ஒரு மாதத்துக்கான சாப்பாடு இருக்கிறது. அரைகுறையாக மட்கிய உரமோ பித்தியத்துக்கு விருந்து.

கலவை சரியா என்று பார்க்க, நனைத்து ஒரு பிடி அள்ளி இறுக்கி மூடித் திறங்கள். உருண்டையாக நின்றால் மறுபடியும் மணல் சேருங்கள், உதிர வேண்டும்.

இரண்டாம் படி: மண்ணைச் சூடாக்குதல்

கோடையில் செய்வதானால் செலவே இல்லை. கலவையை ஈரமாக்கி, சுத்தமான தளத்தில் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் காற்று புகாதபடி கல்லும் மண்ணும் வையுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். கறுப்பு விரிப்பு இதற்கு ஆகாது, வெயில் உள்ளே இறங்க வேண்டும். ஈரமும் கட்டாயம்; காய்ந்த மண்ணில் உறங்கும் நோய் வித்துகளுக்குச் சூடு உறைப்பதில்லை. இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976இல் ஆய்வாக வெளியிட்ட முறை இது. நமக்குக் கத்திரி வெயில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் மூடினால் ஜூன் தொடக்கத்தில் திறக்கலாம்.

அவ்வளவு நாள் பொறுமை இல்லாதவர்கள் இட்லிப் பானையில் ஆவி காட்டலாம். வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு. நான் இதற்கென்றே பழைய பானை ஒன்று வாங்கிவிட்டேன். ஈரக் கலவையைத் துணியில் கட்டித் தட்டில் வைத்து, மேல்பக்கம் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம் போதும். மண்ணின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட்டால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். மணிக்கணக்கில் வேகவைக்காதீர்கள். நல்லது கெட்டது எல்லாம் செத்துக் காலியான மண்ணில் முதலில் எது வந்து விழுகிறதோ அதுவே குடியேறும். அதனால் ஆறியதும் நாமே ஒருவரைக் குடிவைத்துவிடுவது நல்லது: நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி. காய்கறி விதைகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விதைநேர்த்தி அளவு கிலோவுக்கு 4 கிராம். நம் 50 விதைகளுக்கு ஒரு சிட்டிகை தாராளம். தட்டுக் கலவையில் ஒரு தேக்கரண்டி கலந்து இரண்டு நாள் நிழலில் வைத்திருங்கள். பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். அது உயிருள்ள பொருள். பழசானால் வெறும் மாவுதான்.

மூன்றாம் படி: விதைப்பு

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விதையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்போது நாற்றுக்கு ஆறு மாதமாவது வயதாகி, அடிக்கிழங்கு கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. யாழ்ப்பாணத்தில் வளர்ப்பவர்களுக்கும் இதே மழை, இதே கணக்கு. ஆகஸ்டில் ஆசைப்பட்டு விதைத்தால் நவம்பரில் குடை பிடிக்க வேண்டியிருக்கும்.

விதை சிறு குச்சிபோல, இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சத்தோடு இருக்கும். குஞ்சத்தைக் கிள்ளிவிடுங்கள், ஈரம் பிடித்து முதலில் பூஞ்சை ஏறுவது அதில்தான். விரலால் உருட்டும்போது நசுங்கும் விதை உள்ளீடற்றது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். படுக்கைவாட்டில் வைத்து, மேலே 3 மில்லிமீட்டர் பருமணல் தூவுங்கள். விதைக்கு விதை இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஒன்று சாய்ந்தால் அடுத்ததன் மேல் விழக் கூடாது.

தட்டை மூடி வைப்பவர்கள், பாதி விதைகள் முளைத்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். நான் செய்த இரண்டாவது தவறு அது. கண்ணாடி மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததைப் பார்த்து, செழிப்பாக இருக்கிறது என்று ஒரு வாரம் கூடுதலாக விட்டுவைத்தேன்.

நான்காம் படி: தண்ணீர்

முளைக்கும் வரை ஈரம் குறையக் கூடாது. வித்திலைகள் விரிந்ததும் வழக்கத்தை மாற்ற வேண்டும்: நனை, காயவிடு, நனை. "தினம் கொஞ்சம் தெளிப்பேன்" என்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்க, தண்டு மண்ணைத் தொடும் இடம் ஊறிப்போகும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் கிடையாது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தட்டின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். நுனி கறுத்து ஈரமாக, மண் ஒட்டி வந்தால் இன்னும் நேரமாகவில்லை. காய்ந்து வந்தால், அடியில் வழியும் வரை ஊற்றுங்கள். மாலையில் வேண்டாம், காலையில். தட்டுக்குக் கீழே தட்டு வைத்து அதில் நீர் தேங்கவும் விடாதீர்கள். நீந்துகிற வித்துகளுக்கு நீச்சல்குளம் கட்டிக்கொடுத்தது போலாகும். மூடியில்லாத தொட்டித் தண்ணீரைவிடக் குழாய்த் தண்ணீர் மேல்.

முதல் இரண்டு வாரம் நிழல் வலைக்குக் கீழே, பிறகு படிப்படியாகக் காலை வெயிலுக்கு. காற்று ஓடும் இடமாக இருக்கட்டும். மண்ணின் மேல் கொசுபோன்ற கறுப்புச் சிற்றீக்கள் பறந்தால் கவனியுங்கள். அவற்றின் புழுக்கள் வேரைக் கடிக்கும். ஈக்களோ கால்களில் பூஞ்சை வித்துகளைத் தட்டுக்குத் தட்டு சுமந்து போகும். மேல்மண்ணைக் காயவிட்டாலே அவை குறைந்துவிடும்.

ஆறு உண்மையான இலைகள் வந்ததும் தனித்தொட்டிக்கு மாற்றலாம். நட்ட அன்று தண்ணீர் ஊற்றாமல், அறுந்த வேர் ஆற மூன்று நாள் கொடுங்கள்.

சாய்ந்துவிட்டால்

முதல் நாற்று சாய்ந்ததைப் பார்த்த அந்த நிமிடத்தில் தண்ணீரை நிறுத்துங்கள். சாய்ந்ததையும் அதைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு மண்ணையும், அதில் நிற்கும் நல்ல நாற்றுகளோடு சேர்த்து, கரண்டியால் தோண்டி எடுத்துவிடுங்கள். மனசு வராது. ஆனால் அந்தப் பக்கத்து நாற்றுகள் இன்னும் சாயவில்லை என்பதே தவிர, தப்பித்தவை அல்ல. ஒரு மாதத்துக்குட்பட்ட நாற்றில் அடித்தண்டு குழைந்துவிட்டால் அதைக் காப்பாற்ற வழி இல்லை. மீதித் தட்டைத்தான் காப்பாற்ற முடியும்.

இப்போது மருந்து. கடையில் "பூஞ்சைக்கு ஏதாவது கொடுங்கள்" என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் கார்பென்டாசிம். ரைசோக்டோனியா, பியூசேரியத்துக்கு அது சரி. பித்தியத்திடம் செல்லாது, பூஞ்சையின் உடலில் அது தாக்கும் இடம் பாசிக்கு உறவான இதனிடம் வேறு மாதிரி அமைந்திருக்கிறது. நானும் இதைத்தான் ஊற்றினேன், ஊற்றிய தண்ணீரால் பித்தியம் இன்னும் செழித்தது. இளம் நாற்று குழைந்து விழுந்தால், மெட்டலாக்சில் 8 சதவீதமும் மான்கோசெப் 64 சதவீதமும் சேர்ந்த தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மண் நனைய ஒரே ஒரு முறை ஊற்றலாம். எது என்று தெரியாவிட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், காய்கறி நாற்றங்காலில் பல காலமாகப் புழங்கும் மருந்து. கையுறை போடுங்கள். பொட்டலத்தில் நச்சின் கடுமையைக் காட்டும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்போ மஞ்சளோ என்றால் வீட்டு மாடியில் அதற்கு வேலையில்லை. ரசாயனம் ஊற்றிய மண்ணில் டிரைக்கோடெர்மா போட இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள்.

மஞ்சள்தூள், பட்டைத்தூள் தடவுகிறார்கள். வெட்டுக்காயத்தை உலர்த்த அது ஓரளவு உதவலாம். வேருக்குள் புகுந்துவிட்டதை அது தொடுவதில்லை.

நான்கு மாதத்துக்கு மேற்பட்ட செடியென்றால் அறுவைக்கு வாய்ப்பு உண்டு. கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பச்சை உருளைக்கிழங்குபோலக் கெட்டியாக இருக்க வேண்டும். பழுத்த சப்போட்டாபோல அமுங்கினால் பிடுங்கிக் கழுவுங்கள். கூரிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஒரே ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் கத்தியை மறுபடி துடைத்து, இன்னொரு வில்லை சீவுங்கள். முழு வெள்ளையாக, பால் மட்டும் துளிர்க்கும் வட்டம் வரும் வரை இது தொடரும். ஒருமுறை எனக்கு ஏழாவது வில்லையில் வந்தது; செடி பாதியாகிவிட்டது, பிழைத்துக்கொண்டது. வெட்டிய செடியை நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு ஒரு வாரம் உலரவிடுங்கள். காய்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.

அந்தப் பால் விஷம். தாவரவியலாளர் பேட்டர் போர்ஸ்கால் ஏமனில் சேகரித்த இந்தச் செடியை 1775இல் வெளியான அவரது நூல் அரளி இனத்தில் சேர்த்திருந்தது. பேர் பிறகு மாறினாலும் குடும்பம் அதேதான். அரளியைப் போலவே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவுவார்கள். வெட்டிய கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். குழந்தைகளையும் நாய், பூனையையும் தள்ளி வையுங்கள்.

வெட்டி எறிந்ததையும் அந்த மண்ணையும் உரக்குழியில் போடாமல் கட்டிக் குப்பையில் சேருங்கள். தட்டை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவிடுங்கள். மண் ஒட்டியபடி ஊறவைத்தால் பிளீச்சின் சக்தி மண்ணோடு போய்விடும். கரண்டியையும் மறக்காமல் அதே வாளியில் போடுங்கள். என் வீட்டில் இரண்டாவது தட்டுக்கு நோய் போனது அந்தக் கரண்டி வழியாகத்தான்.